குட்டியின் காலில் தெரியும் மண்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் திருத்தணியைத் தாண்டி, நகரியைக் கடந்து புத்தூர் வந்துவிட்டால் ஊரெங்கும் எலும்புப் பேச்சுதான். கை முறிந்தவர், கால் பிசகியவர், மரத்திலிருந்து விழுந்தவர், இருசக்கர வண்டியில் சறுக்கியவர் என்று தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பச்சிலை விழுதும் மூங்கில் பட்டையும் வைத்து இறுக்கிய கட்டோடு திரும்புவார்கள். 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்காத பெரிய ஊர் தமிழ்நாட்டிலும் குறைவு. அதே சாலையோரத்தில் மேயும் செம்மறி மந்தையில் ஒரு குட்டி முன்னங்காலை வளைத்து வைத்து நடந்தால், அதற்குக் கட்டுப் போட யாரும் வரமாட்டார்கள். போட்டாலும் பயனில்லை. அங்கே எதுவும் முறியவில்லை. எலும்பு இறுகவே இல்லை.

இந்தக் குட்டிகளைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்திருக்கிறது. ஆடு வளர்ப்பு மாறிவிட்டது என்பதுதான் காரணம். மேய்ந்து வளர்ந்த ஆடு இன்று கொட்டகைக்குள் நின்று வளர்கிறது. அது என்ன தின்ன வேண்டும் என்பதை முன்பு காடும் கரம்பும் முடிவு செய்தன. இப்போது தீவனத்தொட்டியை நிரப்பும் ஆள் முடிவு செய்கிறார். அந்த ஆள் தாது உப்புப் பாக்கெட் வாங்கிப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உயரமான ஆடு, நீளமான எலும்பு

2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.43 கோடி செம்மறிகள் இருக்கின்றன. 1.91 கோடியோடு தெலங்கானா முதலிடம். 1.76 கோடியோடு ஆந்திரம் அடுத்த இடம். தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம். ஆந்திரத்து மந்தைகளில் பெரும்பங்கு நெல்லூர் இனத்துக்கு உரியது. இந்தியச் செம்மறிகளிலேயே உயரமான இனம் இதுதான். கம்பளி கிடையாது, உடம்பில் குட்டை முடி மட்டும், இறைச்சிக்காகவே வளர்க்கப்படுவது. வெள்ளையாக இருந்தால் பல்லா. வெள்ளை உடம்பில் வாயிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பு இருந்தால் ஜோடிப்பி. சிவப்பாக இருந்தால் தோரா. சித்தூர், கடப்பா பக்கம் சிவப்புதான் கண்ணில் அதிகம் படும். ஜோடிப்பிக் கிடாய்களைத் தேடி எல்லை தாண்டிப் போகும் தமிழ்நாட்டுப் பண்ணைக்காரர்கள் ஏராளம்.

சித்தூர் தமிழ் வாசகருக்குத் தூரத்து ஊர் அல்ல. 1911-ல் உருவான அந்த மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்கு முன் வட ஆற்காட்டில் இருந்தது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. நகரியும் குப்பமும் அந்தப் பக்கமே நின்றன. அங்கெல்லாம் இன்றும் சந்தையில் தமிழ் கேட்கும். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. ஆடுகளுக்கும் ஆட்டு வியாபாரிகளுக்கும் இந்தக் கோடுகள் எதுவும் பொருட்டல்ல. கங்கம்மா ஜாத்திரைக்கு அங்கே கிராக்கி என்றால் ஆடிக்கும் பக்ரீத்துக்கும் இங்கே கிராக்கி. கிராக்கி கூடக்கூட, குட்டியைச் சீக்கிரம் எடை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரமும் கூடுகிறது. எடையைத் தாங்கப்போவது கால்.

நெல்லூர்க் குட்டி பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும். தாயிடம் பால் நன்றாக இருந்தால் மூன்று மாதத்தில் அதைப் போல நான்கு மடங்கு ஆகிவிடும். ஒரு கிலோ எடை கூடுவதற்கு உடம்பில் சுமார் 11 கிராம் கால்சியமும் 6 கிராம் பாஸ்பரசும் தங்க வேண்டும் என்பது தீவன அறிவியலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதமும் பாஸ்பரசில் ஏறத்தாழ 80 சதவீதமும் எலும்புக்கும் பல்லுக்கும்தான் போகின்றன.

கால் எலும்பின் இரு முனைகளிலும் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அங்கே முதலில் குருத்தெலும்பு உருவாகிறது. பிறகு அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகி எலும்பாகிறது. உள்ளே கொலாஜன் இழைகள் கம்பி, தாது சிமெண்ட் என்று வைத்துக்கொண்டால், வெறும் சிமெண்டை மட்டும் கொட்டி எந்தக் கட்டடமும் நிற்காது என்பது புரியும். அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். குருத்தெலும்பு உருவாக மாங்கனீசு வேண்டும். செல்கள் பெருகத் துத்தநாகம் வேண்டும். குடலிலிருந்து கால்சியம் உள்ளே வர வைட்டமின் டி வேண்டும். எலும்பு என்றாலே கால்சியம் என்று மருந்துக்கடை விளம்பரங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. ஆட்டுக்குட்டியின் கால் அந்த விளம்பரங்களைப் படித்ததில்லை.

தாது போதாவிட்டால் குருத்தெலும்பு இறுகாமல் தடித்துக்கொண்டே போகும். முன்னங்கால் முட்டி புடைக்கும். விலா எலும்பு முனைகள் முடிச்சு முடிச்சாகக் கைக்குத் தட்டுப்படும். எடை ஏற ஏறக் கால் வில்லாக வளையும். இதுதான் ரிக்கெட்ஸ். வளர்ந்து முடிந்த ஆட்டில் எலும்பு மெலியும், எளிதில் முறியும். வளரும் குட்டியில் வடிவமே கெட்டுப்போகும்.

பால் குடிக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லை. செம்மறிப் பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் கால்சியம் இருக்கிறது, பசும்பாலில் 1.2 கிராம்தான். பாலில் உள்ள கால்சியத்தில் பெரும்பகுதியைக் குட்டி உறிஞ்சிக்கொள்ளும். பாலை மறக்கடித்து வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் மாற்றிய பிறகு கதையே வேறு. அங்கே உள்ளதில் பாதி உடம்பில் சேர்ந்தாலே பெரிது. வளர்ச்சியோ நிற்பதில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையிலான அந்த இடைவெளியில்தான் கால்கள் வளைகின்றன.

1937

எலும்பின் வரலாற்றில் 1937-க்கு ஒரு தனி இடம் உண்டு. உலகின் இரு கோடிகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மண்ணுக்கும் எலும்புக்கும் உள்ள உறவைச் சொன்ன இரு ஆய்வுகள் அந்த ஆண்டு அச்சேறின.

ஒன்று நம் பக்கத்தது. இன்றைய பிரகாசம் மாவட்டத்தின் பல பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த பழைய நெல்லூர் மாவட்டத்தில், உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நிற்பதை முதலில் கவனித்தவர்கள் விவசாயிகள். அதே விறைப்பு மனிதர்களுக்கும் இருந்தது: முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, பல்லில் பழுப்புக் கறை. ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் ஆராய்ந்து, கிணற்று நீரிலுள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1937-ல் எழுதினார்கள். இந்தியாவில் ஃப்ளோரைடு நச்சு ஊர் ஊராகப் பரவியிருக்கிறது என்பதை நாடு அறிந்தது அப்போதுதான். மருத்துவ நூல்களில் நெல்லூர் என்ற பெயர் ஆட்டுக்காக இல்லாமல் இதற்காகவே நின்றுவிட்டது.

இரண்டாவது, மேற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே செம்மறிக் குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழுந்து செத்தன. கால்நடை நோயியலாளர் பென்னட்ஸும் அவருடைய சகாவும், தாய் ஆடு மேய்ந்த நிலத்தில் தாமிரம் குறைந்ததே காரணம் என்று கண்டு சொன்னார்கள். சினை ஆட்டுக்குத் தாமிரம் கொடுத்தார்கள். குட்டிகள் தள்ளாடாமல் பிறந்தன. தாமிரம் குறைந்தால் நரம்பு மட்டுமல்ல, எலும்பும் நொறுங்கும் என்பது பிறகு தெளிவாயிற்று.

ஓரிடத்தில் மிகுதி, இன்னோரிடத்தில் குறைவு. இரண்டும் நடை கெடுவதில்தான் முடிந்தன. இந்த இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தெலுங்கு மண்ணிலேயே பதில் கிடைத்தது. நல்கொண்டாப் பக்கத்து இளைஞர்களுக்கு முட்டிகள் இடித்துக்கொள்ளும்படி கால் வளைவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973-ல் பதிவு செய்தார்கள். நீரில் ஃப்ளோரைடு இருந்தது. அதோடு அவர்கள் தின்ற சோளத்தில் மாலிப்டினம் கூடுதலாக இருந்ததா, அதனால் உடம்பிலிருந்து தாமிரம் வெளியேறியதா என்றெல்லாம் அடுத்தடுத்த ஆய்வுகள் தேடிப்போயின. அசைபோடும் விலங்குகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது: முதல் இரைப்பையில் மாலிப்டினமும் கந்தகமும் கூட்டுச் சேர்ந்து தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தீவனத்தில் தாமிரம் இருந்தும் ஆட்டுக்குக் கிடைக்காது.

ஃப்ளோரைடு இன்றும் பழைய கதையல்ல. அனந்தபூர் இதில் பேர்போன மாவட்டம். குப்பத்துக்கு அடுத்த வீடான கிருஷ்ணகிரியிலும், தர்மபுரியிலும் குடிநீர்க் குழாய் போட்டபோது அந்த ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு' என்று சேர்க்க வேண்டியிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. மனிதருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டுத் தொட்டியில் விழுவது பல இடங்களில் இன்னமும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பல் முளைக்கும் வயதில் அந்த நீரைக் குடிக்கும் குட்டிக்கு முன்பற்கள் பழுப்பேறித் தேயும். தேய்ந்த பல்லால் புல்லைக் கடிக்க முடியாது. பாதித் தீவனம் அங்கேயே போயிற்று. பையில் எத்தனை கிலோ தாது உப்பு இருந்தாலும் தண்ணீரைப் பார்க்காதவரை இந்தக் கணக்கு நேராகாது.

மேய்ந்த வாயும் தொட்டியில் வைத்த வாயும்

மேய்ச்சல் ஆடு ஒரே இடத்தில் நின்று தின்னாது. வேலியில் ஒரு கடி, கருவேலங்காயில் ஒரு கடி, அறுத்த கொல்லையில் உதிர்ந்தது, ஏரிக்கரையில் ஈரப்புல். சித்தூர்ச் சீமையின் மானாவாரி நிலங்களில் இதற்கெல்லாம் மேலாக ஒரு சொத்து இருந்தது: வேர்க்கடலைக் கொடி. கடலையைப் பறித்த பிறகு காயவைத்துப் போர் போட்ட கொடிதான் கோடைக்குத் தீவனம். பயறுவகைச் செடி என்பதால் அதில் கால்சியம் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். நெல் வைக்கோலில் அதில் கால்பங்கு தேறினால் அதிகம், பாஸ்பரஸ் பேருக்குத்தான். கடலைப் பரப்பு சுருங்க, மாவும் தக்காளியும் வீட்டுமனையும் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, எந்த அரசு அறிக்கையும் கணக்கெடுக்காத ஒரு கால்சியக் கிடங்கு மந்தைக்காரர்களின் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

மேய்ச்சல் வாழ்க்கையைச் சொர்க்கமாக்கிப் பேசுவதும் சரியல்ல. கோடையில் புல் முற்றிக் காய்ந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் சரசரவென இறங்கிவிடும். அந்த மாதங்களில் ஆடு மண்ணை நக்கும், துணியை மெல்லும், செத்த மாட்டின் எலும்பைக்கூடக் கடிக்கும். இதைத் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தெய்லர் 1920-களை ஒட்டிய ஆண்டுகளில் மாடுகளில் துருவி ஆராய்ந்தார். எலும்பைக் கடித்த மாடுகள் வாதம் கண்டு செத்தன. அழுகிய எலும்பிலிருந்த நச்சு உடனடிக் காரணம். எலும்பைத் தேட வைத்தது புல்லில் இல்லாத பாஸ்பரஸ். தூய்மையான எலும்புத் தூளைத் தீவனத்தில் போட்டதும் அந்தப் பழக்கம் நின்றது. மாட்டுப் பைத்திய நோய்க்குப் பிறகு அசைபோடும் விலங்குக்கு எலும்புத் தூள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த இடத்துக்கு டைகால்சியம் பாஸ்பேட் வந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், கொட்டகை. 2021-ல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு 50 சதவீத மானியம், 50 லட்சம் ரூபாய் வரை. பரண் அமைத்து, தரையில் கால் படாமல் ஆடு வளர்க்கும் முறைக்கு இரு மாநிலங்களிலும் ஆர்வம் பெருகியது. ஐ.டி. வேலையை விட்டு வந்தவர்களின் யூடியூப் பேட்டிகளைத் தனியே சொல்லத் தேவையில்லை. பரணில் சுத்தம் உண்டு, குடற்புழுத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே ஆடு தேர்ந்தெடுத்துத் தின்ன எதுவும் இல்லை. கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் புல், வைக்கோல், தவிடு, உடைத்த மக்காச்சோளம். கம்பு நேப்பியரிலும் வைக்கோலிலும் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடும். ஆய்வுக்கூடத் தாளில் புல்லில் கால்சியம் இருப்பதாகத்தான் வரும்.

வெயிலும் ஒரு தீவனம்தான். சித்தூரில் வெயிலுக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனாலும் நாலாபுறமும் அடைத்த கொட்டகையில் பிறந்து, அங்கேயே விற்பனை எடைக்கு வரும் குட்டியின் தோலில் நேர்வெயில் படுவதில்லை. வைட்டமின் டி உருவாகாது. கால்சியம் குடலைத் தாண்டாது.

தவிட்டுக் கணக்கு

அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு இரண்டுமே பாஸ்பரஸ் மிகுந்தவை, கால்சியம் அற்றவை. 200 கிராம் தவிட்டில் பாஸ்பரஸ் 3 கிராமை நெருங்கும். கால்சியம் கால் கிராம்கூட இராது. தீவனத்தில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே விதி தலைகீழாகிறது. கோழியும் பன்றியும் தவிட்டுப் பாஸ்பரசில் பெரும்பகுதியைச் செரிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். ஆட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை உடைத்து முழுசாகக் கொடுத்துவிடும். இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும். அதை ஈடுகட்ட எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படும்.

எலும்புக்கு முன்பே சிறுநீர்ப்பை இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பக்ரீத்துக்கென்று வீட்டு வாசலில் கட்டி, தவிடும் தானியமுமாக ஊட்டி வளர்த்த கிடாய் ஒருநாள் முதுகை வளைத்து நின்று முக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும், பிறகு அதுவும் நிற்கும். பாஸ்பேட் கல் அடைத்துக்கொண்டது. கிடாயின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகலானது. சின்ன வயதில் காயடித்ததில் இன்னும் குறுகல். பெட்டைக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. உடம்பைத் தேற்ற வேண்டும் என்று ஆசையாகக் கொடுத்த தீவனமே கொல்லும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் கால்நடை மருத்துவமனைகளில் கிடைக்காது. தவிட்டைக் குறைப்பது, சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்துக் கால்சியத்தை உயர்த்துவது, தண்ணீரை எப்போதும் தொட்டியில் வைப்பது, மருத்துவர் சொன்ன அளவில் தீவனத்தில் நவச்சாரம் சேர்ப்பது என்பவை தடுக்கும் வழிகள். இங்கே தாது உப்பு என்ற பெயரில் மேலும் பாஸ்பரஸ் கொட்டுவது எரிகிற இடத்தில் எண்ணெய்.

சரி, கால்சியத்தை மட்டும் தாராளமாகப் போட்டால்? முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். மீந்த கோழித் தீவனத்தை ஆட்டுக்குக் கொட்டுகிற பண்ணைகள் இருக்கின்றன. அளவு மீறிய கால்சியம் பாஸ்பரசையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது. கால்சியம் நிறைந்து பாஸ்பரஸ் குறைந்த தீவனத்திலும் குட்டிக் கிடாய்களுக்குக் கால் வளைகிறது.

பாக்கெட்டில் மாட்டுப் படம்

கால்நடை மருந்துக்கடையில் தாது உப்பு கேட்டால் பெரும்பாலும் நீட்டப்படுவது மாட்டுக்கானது. பால் கூடும் என்று வாசகம், மேலே ஒரு ஜெர்சியின் படம். 'ஆட்டுக்கும் இதுதான், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். கால்சியம், பாஸ்பரஸ் வரை அந்தப் பேச்சு சரிதான். தாமிரத்தில் அது உதைக்கும்.

வீட்டு விலங்குகளிலேயே தாமிரம் தாங்காதது செம்மறி. ஒரு கிலோ தீவனத்துக்கு மாடு 40 மில்லிகிராம் வரை தாங்கும், செம்மறி 15 வரைதான் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2005-ல் வரையறுத்தது. செம்மறியின் கல்லீரல் தாமிரத்தைப் பித்தநீரில் வெளியேற்றத் தெரியாமல் சேமித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோன அலுப்பு போதும், கல்லீரல் உடைந்து அத்தனை தாமிரமும் இரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும். பக்கத்துக் கொட்டகையில் அதே பாக்கெட்டைத் தின்ற வெள்ளாடு கம்பீரமாக நிற்கும். வெள்ளாடு அந்த விஷயத்தில் கெட்டி. ஆகவே தாமிரம் குறைந்தால் எலும்பு நொறுங்கும், கூடினால் கல்லீரல் போகும். இவ்வளவு குறுகிய வரப்பில் நடக்கிற ஒரு விலங்குக்குக் குத்துமதிப்பாக ஒரு கை அள்ளிப் போடுவதை வளர்ப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

நொண்டுவதெல்லாம் எலும்பல்ல

கால் ஊன்றாத குட்டியைப் பார்த்ததும் கால்சிய ஊசி போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பிறந்த சில வாரங்களில் மூட்டு சூடாக வீங்கினால் அது பெரும்பாலும் தொப்புள்கொடி வழியே போன கிருமி. மழைக்காலத்தில் மந்தையே நொண்டினால் குளம்பழுகல், கோமாரி, நீலநாக்கு என்று சந்தேகிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நீலநாக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் தசை வெளுத்து விறைக்கும். பார்ப்பதற்கு எலும்பு நோய் மாதிரியே இருக்கும். எலும்புக் கோளாறு என்றால் இரு கால்களிலும் புடைப்பு இருக்கும், சூடு இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஒரே தீவனம் தின்ற பல குட்டிகளிடம் ஒரே நேரத்தில் தெரியும்.

இரத்தத்தில் கால்சியம் பார்த்தால் போதுமே என்று தோன்றும். அதுவும் ஏமாற்றும். இரத்தத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கினால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அளவைச் சரியாக்கிவிடும். எலும்பு காலியாகிக்கொண்டிருக்கையில் சோதனைச்சாலைச் சீட்டில் எல்லாம் இயல்பு என்றே வரும். பாஸ்பரஸ் அளவு ஓரளவு உண்மை பேசும். முன்னங்காலின் எக்ஸ்ரே படம் அதைவிட நேர்மையானது.

குடற்புழுவை யாரும் எலும்போடு சேர்த்து நினைப்பதில்லை. 1970-களில் ஸ்காட்லாந்தில் சைக்ஸ், கூப் ஆகியோர் குட்டிகளுக்குச் சிறுகுடல் புழுவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். புழு இருந்த குட்டிகளின் எலும்பில் தாது குறைந்தே இருந்தது. பாஸ்பரஸ் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடல்; அது புண்ணானால் தொட்டியில் போட்டது சாணத்தில் போகும். சாணத்தைச் சோதித்துப் புழு மருந்து கொடுக்காத மந்தையில் தாது உப்புக்குச் செலவிடும் காசில் ஒரு பகுதி வீண்.

திருப்பதியில் கிடைப்பது

ஒவ்வொரு வட்டாரத்து மண்ணுக்கும் தனித்தனிக் கலவை வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் வேரூன்றிச் சில பத்தாண்டுகளாகின்றன. 1995-ல் பெங்களூரில் தொடங்கிய தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இதில் முன்னின்றது. மண், தீவனம், விலங்கின் இரத்தம் மூன்றையும் மாவட்டவாரியாகச் சோதித்து, எது குறைகிறதோ அதை மட்டும் சேர்ப்பது இதன் அடிப்படை. இருப்பதையே மறுபடி கொட்டுவதில்லை என்பதால் செலவும் இறங்கும், நச்சு ஆபத்தும் இறங்கும்.

திருப்பதிக்கு இதில் பழைய உரிமை உண்டு. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. 2005-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் அதே ஊரில் அமைந்தது. குட்டைப் புங்கனூர் மாடுகளால் பேர்பெற்ற பலமநேர் ஆராய்ச்சி நிலையமும் இதன் கீழ்தான். ஏழுமலையானைப் பார்க்கப் போகிற ஆட்டுப் பண்ணைக்காரர் மலையேறுவதற்கு முன்போ பின்போ இந்த வளாகத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். இந்தப் பக்கத்தில், 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே தாது உப்புக் கலவையும் உப்புக்கட்டியும் விற்கிறது.

உப்புக்கட்டியைப் பற்றி ஒரு சொல். சோடியம் குறைந்தால் ஆடு தேடிப்போய் நக்கும். அந்தப் பசி உண்மையானது. ஆனால் தனக்கு எந்தத் தாது குறைகிறது என்று தெரிந்து அதை மட்டும் நக்கும் ஞானம் ஆட்டுக்கு உண்டு என்பது அழகான நம்பிக்கை, அவ்வளவுதான். கட்டியிலிருப்பதில் பெரும்பங்கு உப்பு. வளரும் குட்டியின் நாக்கு அதைக் கரைத்துத் தனக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துவிடாது. மாவாக இருக்கும் கலவையை அடர்தீவனத்தில் பிசிறிக் கொடுப்பதே கணக்காகும். வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம், குட்டிக்கு 5 கிராம் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

பொடியைவிட மலிவான வழி கொல்லையிலேயே இருக்கிறது. அகத்தி, வேலிமசால், சூபாபுல், கிளைரிசிடியா, முருங்கைத் தழை எல்லாம் கால்சியம் நிறைந்தவை. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு இவையாக இருந்தால் தவிட்டின் கோணலைத் தழையே பெருமளவு நிமிர்த்திவிடும். நான்கு பக்கமும் அடைத்த பண்ணை என்றால் காலையில் குட்டிகளைத் திறந்தவெளியில் விட ஒரு பட்டி வேண்டும். அதற்கு மானியம் தேவைப்படாது.

குட்டிக்குக் கொடுப்பதைத் தாயிடமே தொடங்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செம்மறியின் சினைக்காலம் 150 நாளுக்குச் சற்றே குறைவு. குட்டியின் எலும்பு இறுகுவதில் பெரும்பகுதி கடைசி ஐம்பது நாளில் நடக்கிறது. தீவனத்தில் இல்லாவிட்டால் தாய் தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும், ஈன்ற பிறகு அதே எலும்பைக் கரைத்துப் பாலில் விடும். இரட்டைக் குட்டி என்றால் இழப்பும் இரட்டை. மாசி, பங்குனியில் சினை முற்றும் ஆடுகளுக்குக் காய்ந்த புல்தான் கிடைக்கும் என்பதால், அந்த ஆடுகளைத் தனியே பிரித்து, கடலைக்கொடியும் அகத்தியும் அளந்த தாது உப்பும் கொடுப்பது குட்டி பிறந்தபின் எந்த டானிக் புட்டியாலும் ஈடுசெய்ய முடியாத வேலை.

கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்தவர் படத்தைத் தாண்டிப் பின்புறம் பார்க்க வேண்டும். செம்மறிக்கென்று தனியே எழுதியிருக்கிறதா, தாமிரம் எவ்வளவு, கால்சியமும் பாஸ்பரசும் என்ன விகிதம், ஃப்ளோரின் உச்சவரம்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கடைசிக் கேள்வி ஃப்ளோரைடு நீர் உள்ள ஊர்களில் மிக முக்கியம். மலிவான பாறைப் பாஸ்பேட்டில் ஃப்ளோரின் இயல்பாகவே உண்டு. இந்தியத் தர நிறுவனம் தாது உப்புக் கலவையில் அதற்கு வரம்பு வைத்திருப்பது அதனால்தான். பெயர் தெரியாத மூட்டையில் வரும் பொடிக்கு அந்த வரம்பைப் பற்றிக் கவலை கிடையாது. கிணற்றிலிருந்து வருவது போதாதென்று காசு கொடுத்தும் ஃப்ளோரைடை வாங்கி ஊட்ட வேண்டியதில்லை.